முன்னாடி என்ன அரைச்சீங்க?

1

ஆடி பிறந்தால் எங்கள் தெருவில் வேலி வெட்டும் சத்தம் ஆரம்பித்துவிடும். நெதர்லாந்தில் யாரும் ஆடி என்று சொல்வதில்லை, நானாகச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டு முன்வேலி தக்ஸஸ் என்ற ஊசியிலைச் செடி. விட்டால் பெரிய மரமாகிவிடும். இங்கே இடுப்புயரத்துக்கு வெட்டிச் சுவர் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதன் புதுக் கொழுந்தில் ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பிரித்து, கொஞ்சம் மாற்றி, புற்றுநோய்க்கு டிரிப்ஸில் ஏற்றும் மருந்து ஒன்றைச் செய்கிறார்கள். அதனால் கோடையில் வெட்டும் கொழுந்தைக் குப்பையில் போடாமல் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள் என்று ஊருக்கு ஊர் கேட்டு வாங்குகிறார்கள்.

வாங்குவதற்குச் சட்டதிட்டம் உண்டு. இந்த நாட்டில் எதற்குத்தான் இல்லை? இந்த வருடக் கொழுந்தாக இருக்க வேண்டும். ஒரு சாண் நீளமாவது வேண்டும். புல், பூச்செடி, பக்கத்து வீட்டிலிருந்து தாவிய கொடி எதுவும் இருக்கக் கூடாது. பையை வாங்குபவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "வேறெதுவும் கலக்கவில்லையே?" இல்லை என்பார்கள். பை வண்டிக்குள் போய்விடும். ஏழு வருடங்களாக நானும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவள்தான்.

இந்தச் சனிக்கிழமை அவர் கேட்டபோது, ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் பையைத் தரையில் கவிழ்த்தேன். பின்னால் நான்கு பேர் நின்றார்கள். இங்கே வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. பெற்றவர்களால் மானம் போகிற வயது. "அம்மா, தயவுசெய்து" என்று டச்சு மொழியில் சொல்லிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கொழுந்தாகப் பொறுக்க ஆரம்பித்தேன். நாற்பத்தொன்பது வயதுக்காரி நடுத்தெருவில் ஏன் அப்படி உட்கார்ந்தாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

செடிகளிலிருந்து புற்றுநோய் மருந்து தேடும் ஆய்வகம் ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். நாமக்கல்லில் யாரிடம் சொன்னாலும் "மூலிகை வைத்தியமா?" என்பார்கள். இங்கே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னால் "தேநீரா?" என்பாள். இரண்டும் இல்லை. வேரையோ பட்டையையோ பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து, சாற்றை இறக்கி, கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள் மேல் சொட்டுவிட்டுப் பார்ப்போம். செல்கள் செத்தால், சாற்றை இரண்டாக, நான்காக, பதினாறாகப் பிரித்து, எந்தப் பங்கு கொன்றது என்று தேடிக்கொண்டே போவோம். கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு சிட்டிகைப் பொடி.

தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது பெரிய காரியம் இல்லை. கெட்டியாக உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் சாகும். நோயாளியை விட்டுவிட்டு நோயை மட்டும் கொல்வதுதான் பாடு. நாங்கள் கண்டுபிடிப்பதில் பெரும்பாலானவை அந்த இடத்தில் விழுந்துவிடும். அதைப் பற்றி யாரும் ஊருக்குப் போன் செய்து சொல்வதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் செடி ஒன்றைச் சோதனைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது நான்தான். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக் காலையில் யாராவது பிடுங்கிக் கொதிக்கவைத்துக் குடிப்பீர்கள். காட்டோரத்தில் தானாக முளைக்கிற ஒன்று, வேர் கசக்கும், அவ்வளவு போதும்.

வேரை எடுத்து அனுப்பியது என் தம்பி தங்கவேல். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில் தீவன மில் வைத்திருக்கிறான். சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம், புண்ணாக்கு, கருவாடு எல்லாம் அரைத்துக் கலந்து கொடுப்பது தொழில். செடியை நாடு விட்டு நாடு கொண்டுவர இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும். வாங்குவதற்குள் ஒரு குழந்தை பிறந்து நடக்கப் பழகிவிடும். அனுமதி வந்ததும் அவன் போன் செய்தான்.

"அக்கா, வேராவே அனுப்புனா டப்பா பெருசாப் போயிருமுங்க்கா. நம்ம மில்லுலயே போட்டு ஓட்டிட்டேன். மாவாட்டம் ஆயிருச்சு."

எனக்கு ஒரு நாள் வேலை மிச்சம். "நல்ல காரியம் பண்ணுனடா" என்றேன்.

இங்கே வந்திறங்கிய டப்பாவுக்கு ஒன்பது பக்கப் படிவம் இருந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டம்: பொடித்த கருவி எது, அதில் இதற்கு முன் எதைப் பொடித்தார்கள்? நான் 'பொருந்தாது' என்று எழுதினேன். படிவம் நிரப்பி நிரப்பி எனக்கு ஒரு கைப்பழக்கம் வந்திருந்தது. புரியாத கட்டத்திலும் சலிப்பூட்டும் கட்டத்திலும் 'பொருந்தாது' என்று போட்டுவிடுவேன். குடியுரிமைப் படிவத்தில் தாய்மொழிக்கு எதிரே அப்படிப் போட்டு, ஒரு அம்மாள் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

3

தங்கவேலின் பொடி தட்டிலிருந்த செல்களைக் கொன்றது. கொன்றது என்றால் சாதாரணமாக அல்ல. சாற்றை எவ்வளவு நீர்க்க விட்டாலும் செத்தன. எங்கள் பேராசிரியர் மரைக்கே எதையும் சட்டென்று புகழாதவர். முடிவுகளைப் பார்த்துவிட்டு ஒரு டச்சு வார்த்தை சொன்னார். 'நிறைய வாக்குக் கொடுக்கிறது' என்று அதற்குப் பொருள். ஆராய்ச்சிக்காரர்கள் அதைச் சொன்னால் இன்னும் பத்து வருடம் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்தேன். டச்சு வார்த்தைக்குத் தமிழில் என்ன சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை. நம் வாயில் தயாராக இருந்த சொல் வந்துவிட்டது.

"டேய், நம்ம வேர் செல்லுக்கு நெம்ப நல்லாக் கேக்குதுடா."

சமையலறையில் இருந்த யாழினி எட்டிப் பார்த்தாள். போனை வைத்ததும் கேட்டாள், "அம்மா, சிக்னல் நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. செல்லுக்கு நல்லாக் கேக்குது. அவளுக்குத் தெரிந்த தமிழில் செல் என்றால் கைபேசி, கேட்பது என்றால் காதால் கேட்பது. மருந்து உடம்புக்குக் 'கேட்கும்' என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? காய்ச்சல் வந்தால் இங்கே தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்வார்கள். எந்த மருந்து கேட்டது, எந்த மருந்து கேட்கவில்லை என்று பேசிக்கொள்ள அவள் வாழ்க்கையில் சந்தர்ப்பமே வந்ததில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டது அவள் ஒருத்திதான் என்று அப்போது நினைத்தேன்.

4

ஒரு தடவை வந்த முடிவை மறு தடவை வரவழைத்துக் காட்ட வேண்டும். அதே காட்டில், அதே செடியின் வேரை, தாவரவியல் படித்த ஒருவர் வெட்டிக் காயவைத்து வேராகவே அனுப்பினார். நாங்கள் பொடித்து, ஊறவைத்து, சொட்டுவிட்டோம். செல்கள் சாகவில்லை. நன்றாகத் தின்று கொழுத்தன.

இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். மழைக்குப் பின் எடுத்ததால் இருக்கும் என்றார் மரைக்கே. மண் மாறியிருக்கும் என்றேன் நான். முதல் பொடியில் செல்களைக் கொன்ற பொருளைப் பிரித்து அதன் மூலக்கூறு எடையைப் பார்த்தோம். செடிப்பொருட்களின் பட்டியல் எதிலும் அந்த எடை இல்லை. அப்படியானால் இதுவரை யாரும் காணாத புதுப்பொருள் என்று எங்களுக்குள் ஒரு குஷி. செடிப்பட்டியலில் இல்லாததற்கு, அது செடியில் உண்டானதே இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததற்குக் காரணம் சொல்கிறேன். அது என் ஊர் வேர். ஜெயிக்கட்டும் என்று நினைத்தேன்.

5

போன வருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜா அக்கா வீடியோவில் கூப்பிட்டார். என் பெரியம்மா மகள், அறுபத்தொரு வயது, மோகனூரில் இருக்கிறார். மார்பில் கட்டி வந்து சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று முறை ஏற்றியதில் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது என்று தங்கவேல் சொல்லியிருந்தான். இன்னும் மூன்று முறை பாக்கி.

"ஏஞ்சாமி, சாப்புட்டியா?"

"ஆச்சுங்க்கா. அடுத்த டிரிப்ஸு எப்பங்க்கா?"

"அதெல்லாம் உட்டாச்சு அம்முணி. ஒண்ணரை மாசமாச்சு. விரலெல்லாம் மரத்துப்போயி, வாயெல்லாம் புண்ணு. சோறு எறங்குனாத்தான? அதான் உன்ற பொடி இருக்குதல்லோ. உனக்கு அனுப்புனது போக மிச்சத்தைத் தங்கவேலு கொண்டாந்து குடுத்தான். நெம்ப நல்லாக் கேக்குதுன்னு நீதான சொன்ன."

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வது என்று தேடுவதற்குள் அவர் பேசிக்கொண்டே போனார்.

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கோணும்னுதான் கூப்புட்டேன். இந்தப் பொடி எனத்துக்குக் கோழித் தீவன வாசம் அடிக்குது? அங்கயும் இப்படித்தான் அடிச்சுதா?"

"தங்கவேலு மில்லுல அரைச்சதுங்க்கா. அதான்."

"அது செரி. முன்னாடி என்ன அரைச்சான்னு கேட்டியா?"

மாவு மில்லுக்குப் போன எவருக்கும் இந்தக் கேள்வி தெரியும். தகரச் சம்படத்தோடு போய் நின்றதும் வாயில் வரும் முதல் வார்த்தையே அதுதான். முன்னாடி என்ன அரைச்சீங்க? மிளகாய் என்றால் பச்சரிசிக்காரி ஒதுங்கிக்கொள்வாள். அவசரமென்றால் ஒரு கைப்பிடி அரிசியை முதலில் போட்டு ஓட்டி, அந்த மாவைத் தனியே தள்ளிவிட்டுத்தான் தன்னுடையதைக் கொட்டுவாள். இதை நான் எட்டு வயதில் செய்திருக்கிறேன். பிறகு இரண்டு பட்டம் வாங்கி, ஒன்பது பக்கப் படிவத்தில் அதே கேள்வி வந்தபோது பொருந்தாது என்று எழுதினேன்.

"அக்கா, இனி அந்தப் பொடியைக் கரைச்சு ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதீங்க. என்னன்னு பொறகு சொல்றேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் பாருங்க."

"ஏஞ்சாமி?"

"போங்க்கா, சொல்றேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

உடனே தங்கவேலைக் கூப்பிட்டேன்.

"வேர் ஓட்டறதுக்கு முன்னாடி மிசின்ல என்னடா ஓட்டுன?"

"குஞ்சுத் தீவனமுங்க்கா. எப்பவும் ஓடறதுதானுங்க."

"மருந்து கலந்ததா?"

"ஆமாங்க்கா. குஞ்சுக்கு ரத்தக் கழிச்சல் வராம இருக்க மருந்து கலக்கோணுமல்லோ. ஏனுங்க்கா?" பிறகு அவனே சொன்னான், "கூட்டிப் பெருக்கித்தான் போட்டனுங்க்கா. உங்களுக்குன்னு நல்லாத்தான் பெருக்குனேன்."

6

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் மரைக்கேயிடம், இது செடியே இல்லை, கோழித்தீவனம் என்று டச்சில் சொன்னேன். பதற்றத்தில் தீவனத்துக்குப் பதிலாக 'கோழித்தோல்' என்று வாயில் வந்துவிட்டது. டச்சில் அதற்குப் புல்லரிப்பு என்று பொருள். அவர் என் கையில் மயிர் சிலிர்த்திருக்கிறதா என்று பார்த்தார். திருப்பிச் சொன்னேன். கால்நடை மருந்துகளின் பட்டியலைத் திறந்து எடையைத் தேடினோம். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. சாலினோமைசின். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் தருவது, கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுப்பது. அது தட்டில் புற்றுச் செல்களைக் கொல்லும் என்பது ஏற்கனவே பலருக்குத் தெரிந்த சங்கதி. மனிதருக்குக் கொடுக்க முடியாதபடி நஞ்சு என்பதும் தெரிந்த சங்கதி.

"ஆக, உங்கள் வேர் ஒன்றுமே செய்யவில்லை" என்றார் மரைக்கே.

"ஒன்றுமே செய்யவில்லை" என்றேன்.

அவர் காபி எடுக்கப் போனார். அந்த ஆராய்ச்சி அன்றோடு மூடப்பட்டது. மூடுவதற்கும் ஒரு படிவம் இருந்தது, அதில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன்.

7

ரத்தப் பரிசோதனையில் பெரிய கோளாறு இல்லை. பொடியில் இருந்த மருந்து அத்தனை கொஞ்சம். ஆனால் அக்கா டிரிப்ஸுக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். தங்கவேல் சொல்லிப் பார்த்தான், அவர் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். கடைசியில் நானே கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அப்ப இந்த ஒண்ணரை மாசமா நான் குடிச்சது கோழி மருந்தா?"

"ஆமாங்க்கா."

"அதான் கோழி கூப்புடற நேரத்துக்கு முழிப்பு வந்துருது" என்று சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கேட்டார், "நீ எனத்துக்குச் சாமி அப்படிச் சொன்ன?"

"தட்டுல இருந்த செல்லுக்குக் கேட்டதைத்தாங்க்கா சொன்னேன். உங்களுக்குக் கேக்கும்னு சொல்லலீங்க்கா."

"கேக்கறதுன்னா மனுசருக்குத்தான் கேக்கும். தட்டுக்கா கேக்கும்?"

பேச்சை மாற்றி, டிரிப்ஸுக்குப் போகச் சொன்னேன்.

"டிரிப்ஸு மருந்து மட்டும் என்னவாம்?" என்றார். "கம்பெனிக்காரன் எதையோ போட்டுக் காச்சறான்."

"அதும் செடிதானுங்க்கா. எங்க ஊட்டு வேலியில இருக்குது." யாழினியைக் கூப்பிட்டுப் போனைப் பிடிக்கச் சொன்னேன். வெளியே போய் வேலியைக் கையால் விலக்கி, புதுக் கொழுந்தைக் காட்டினேன். யாழினி போனைக் கிட்டே கொண்டுபோனாள்.

"இதா? ஆடு கடிக்குமா?"

"கடிச்சாச் செத்துப்போயிருமுங்க்கா."

"அதையா எனக்கு ஏத்தறாங்க?"

"அளந்து ஏத்தறாங்க்கா. கூடுனா நஞ்சு, கொறைஞ்சாப் பிரயோசனமில்ல. அந்த அளவைக் கண்டுபுடிக்கத்தான் எங்களுக்கு அத்தனை வருசம் ஆகுது."

அவர் கொழுந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை வாங்கறவங்க, கூட என்ன கலந்திருக்குதுன்னு கேக்கறாங்களா?"

"ஒவ்வொரு பைக்கும் கேக்கறாங்க்கா."

"அப்பச் செரி. வாரேன்னு டாக்டர்கிட்டத் தங்கவேலைச் சொல்லச் சொல்லு."

8

போனார். மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை கட்டி சுருங்கவில்லை. மருந்தை மாற்றினார்கள், அப்புறமும் அது வளர்ந்துகொண்டே போனது. மார்கழிக் கடைசியில் சரோஜா அக்கா இறந்துவிட்டார். நடுவில் நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் போனில் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, அது உண்மை. மருந்து விட்ட தட்டையும் விடாத தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் என் தொழில். அக்கா ஒருத்தர்தான் இருந்தார்.

காரியத்துக்குப் போயிருந்தபோது தங்கவேல் என்னை மில்லுக்குக் கூட்டிப்போனான். மிசினை முழுக்கப் பிரித்துக் கழுவி வைத்திருந்தான். சந்தில் இருந்த தூசியைக்கூட விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே முட்டை லாரி ஒன்று ஹாரன் அடித்தது, அவன் போய்விட்டான்.

இந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கொட்டிய குவியலில் நாலைந்து புல் இருந்தது. பக்கத்து வீட்டுக் கொடியின் இலை ஒன்று இருந்தது. தபால்காரர் பக்கத்தில் வந்து, இவ்வளவு அவசியமில்லை, தொழிற்சாலையில் சுத்தம் செய்துகொள்வார்கள் என்றார். பரவாயில்லை என்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவர்களின் பைகளை வாங்கப் போனார்.

கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாழினி வந்து எதிரே குந்தி உட்கார்ந்தாள். கொழுந்துகளை ஒன்றொன்றாக எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தாள். குனிந்தபடியே தமிழில் கேட்டாள்.

"அம்மா, பெரியம்மாக்கு ஏத்தினது இதுதானே?"

"ஆமா."

இன்னும் இரண்டு கொழுந்து எடுத்துப் போட்டாள்.

"கேட்டுதா?"

நான் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை இப்படிச் சொல்ல நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

"மூணு தடவை கேட்டுது" என்றேன். "நடுவுல நிறுத்தினோம். அப்புறம் கேக்கல."

அவள் குவியலைக் கிளறி ஒரு புல்லை எடுத்துத் தனியே வைத்தாள்.